இரத்தத்தில் புழு என்றால் எவ்வளவு காசு போகும்?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டு நாய்க்கு நாலு வயது, ஊர் நாய், இரவில் வயற்காவலுக்குக் கூடப் போகும். ஒரு மாதமாக இளைத்துக்கொண்டு வருகிறது, இடைக்கிடை இருமுகிறது. தனியார் கிளினிக் ஒன்றில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இரத்தத்தில் புழு இருக்கிறது, இதயப்புழுவாக இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய அண்ணாவின் நாய்க்கும் இதே வருத்தம் வந்து 2,000 டொலருக்கு மேல் போனதாம். "எங்களுக்கு அவ்வளவு காசுக்கு வழியில்லை. இங்கே வைத்தியம் செய்ய எவ்வளவு முடியும்? ஒன்றும் செய்யாமல் விட்டால் எவ்வளவு நாள் இருக்கும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் கிளிநொச்சிப் பக்கம் மாடு, ஆடு, நாய் என்று வருகிற எல்லாவற்றையும் பார்க்கிற மிருக வைத்தியர். கணக்கைப் பிறகு போடுவோம். முதலில் அந்த 2,000 டொலரைத் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். அண்ணாவின் நாய்க்கு வந்த புழுவும் உங்கள் நாயின் இரத்தத்தில் கண்ட புழுவும் வேறு வேறாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட.

நுளம்பு கடித்து நாய்க்கு வருகிற இழைப்புழுக்கள் பல வகை. மனிதருக்கு வருகிற யானைக்கால் புழுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இதயப்புழு என்று சொல்வது டைரோபிலேரியா இம்மிற்றிஸ். அது சேமியா மாதிரி வெள்ளையாக இருக்கும். பெண் புழு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், அதாவது பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் அளவு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற நாடிக்குள் குடியிருக்கும், எண்ணிக்கை கூடினால் இதயத்தின் வலப்பக்கத்துக்கும் இறங்கும். ஒரு நாய்க்குள் சராசரியாக 15 புழு இருக்கும், 250 வரைக்கும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இது பெரிய தலையிடி. கனடாவில் பெரும்பாலும் தென் ஒன்ராறியோவில்தான் இருக்கிறது, ஆகவே ரொறன்ரோ நாய்க்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இலங்கையில் நாங்கள் வழக்கமாகக் காண்கிற புழு வேறு. அது தோலுக்குக் கீழே இருக்கிறது. கன காலமாக அதை டைரோபிலேரியா ரெப்பன்ஸ் என்று சொல்லி வந்தோம். 2023இல் வந்த ஓர் ஆய்வு, இங்குள்ள நாய்களில் இருப்பது அதற்கு நெருங்கிய உறவான, ஹொங்கொங்கின் பெயரை வைத்து அழைக்கிற வகை என்று காட்டியது. பெயர் எதுவானாலும் எங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான்: அது இதயத்துக்குப் போவதில்லை. தோலடியில் சின்னக் கட்டி வரும், சில நாய்க்குச் சொறி வரும், பல நாய்க்கு ஒன்றுமே தெரியாது. நுளம்பு வழியாக எப்போதாவது மனிதருக்கும் வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் இமையிலோ விதைப்பையிலோ ஒரு கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தால் உள்ளே நூல் மாதிரி ஒரு புழு இருக்கும். இலங்கை வைத்தியர்கள் இதைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். நாயைத் தடவுவதால் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு புழுவும் குட்டிகளை இரத்தத்துக்குள்தான் விடுகின்றன. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டு வருத்தத்திலும் நெளிகிற குட்டிப்புழு தெரியும். "இரத்தத்தில் புழு" என்று உங்களுக்குச் சொன்னது பொய் இல்லை, அரைவாசிப் பதில். எந்தப் புழு என்ற மற்ற அரைவாசிக்கு இன்னும் ஒரு சோதனை வேண்டும். அதற்குக் கொடுக்கிற காசுதான் இந்த வைத்தியம் முழுவதிலும் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரப்போகிற காசு.

ஒரு கதை சொல்கிறேன். இரண்டு மாரிக்கு முன்னர் அக்கராயன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஓட்டோவில் ஒரு நாயைக் கொண்டுவந்தார். யூரியாப் பை ஒன்றை விரித்து அதில் படுக்க வைத்திருந்தார். வேறோர் இடத்தில் "இதயப்புழு, வைத்தியம் கொழும்பில்தான்" என்று சொல்லிவிட்டார்களாம். காதுத் தோட்டை ஈடு வைக்கப் பக்கத்து வீட்டில் கதைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் இரத்தம் எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு அவரையே பார்க்கச் சொன்னேன். சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக விலக, நடுவால் ஒரு நூல் நெளிந்து நெளிந்து கண்ணாடியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது, வாய்க்காலில் தண்ணீர்ப் பாம்பு போகிற மாதிரி. "ஐயோ, ஓடுது" என்றார். அந்த ஓட்டந்தான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது. இதயப்புழுவின் குட்டி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நெளியும், வேறு சில புழுக்களின் குட்டி இடம்விட்டு ஓடும். ஆனால் ஓட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. அன்ரிஜென் கிற், அதாவது புழு விடுகிற புரதத்தைத் தேடுகிற சோதனைப் பெட்டி ஒன்றில் மூன்று சொட்டு விட்டுப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் இதயப்புழுப் புள்ளி வெறுமையாக இருந்தது, பக்கத்தில் எர்லிக்கியாப் புள்ளி நீலமாக எழும்பி நின்றது. அது உண்ணிக் காய்ச்சல். காதுக்குள் விரலை விட்டால் கொத்துக் கொத்தாக உண்ணி, முரசு (பல் ஈறு) வெளிறிப்போய் இருந்தது. நாய் இளைத்ததற்கும் களைத்ததற்கும் காரணம் அதுதான். தோலடிப் புழு சும்மா கூட இருந்த விருந்தாளி. தோடு காதிலேயே இருந்தது.

ஆகவே உங்கள் நாய்க்கும் இந்த ஒழுங்கில் போங்கள். கிளினிக்கில் "இதயப்புழு அன்ரிஜென் சோதனை" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சோதனை வளர்ந்த பெண் இதயப்புழு விடுகிற புரதத்தைத் தேடுகிறது, தோலடிப் புழுவை விட்டுவிடும். ஐடெக்ஸ் ஸ்நாப் 4டிஎக்ஸ் மாதிரியான கிற் என்றால் அதே சொட்டில் எர்லிக்கியா, அனாப்பிளாஸ்மா என்ற இரண்டு உண்ணி நோய்களையும் சேர்த்துப் பார்க்கும், காசுக்குப் பெறுமதி. பபேசியா என்ற மற்ற உண்ணிக் காய்ச்சலை அது காட்டாது, அதற்கு இரத்தப் பூச்சு ஒன்று தனியாகப் பார்க்க வேண்டும். வன்னி நாய்க்குக் காய்ச்சல், வெளிறல், மூக்கால் இரத்தம் என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணியைத்தான்.

கிற் கிடைக்காவிட்டால் நொட் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தை ஒன்பது மில்லிலீற்றர் 2 வீத போமலினில் கலந்து, சுழற்றி, அடியில் படிந்ததை நீலச் சாயம் இட்டுப் பார்ப்பது. பழைய முறை, சாமானும் மலிவு. இதயப்புழுக் குட்டியின் நீளமும் தலையின் வடிவமும் வேறு என்பதால் பழகிய கண் பிரித்துச் சொல்லிவிடும். குட்டிப்புழு பின்னேரத்திலும் இரவிலும்தான் தோலோர இரத்தத்துக்குக் கூடுதலாக வரும், அதனால் நாயைப் பின்னேரம் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்: இதயப்புழு உள்ள நாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுக்கு இரத்தத்தில் குட்டியே இராது. ஆகவே நுணுக்குக்காட்டியில் ஒன்றும் இல்லை என்பதை வைத்தும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இரண்டு பக்கத்துக்கும் அன்ரிஜென் சோதனைதான் சாட்சி.

சரி, அன்ரிஜென் சோதனையில் இருக்கிறது என்றே வந்துவிட்டது என்று வைப்போம். கொழும்பில் வளர்ந்து இங்கே வந்த நாய், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நாய் என்றால் எனக்கு அதில் வியப்பு இராது. இப்போது கணக்கு. ரூபாயில் நான் சொல்லப் போவதில்லை. 2022க்குப் பிறகு இறக்குமதி மருந்தின் விலை போன போக்கு உங்களுக்கே தெரியும். நான் எண்ணிக்கையைச் சொல்கிறேன், அது மாறாது. அன்றைய பாமசி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா மருந்தும் நிறைக்குத்தான் அளவு. அதனால் முதல் வேலையாக நாயை நிறுத்துக்கொள்ளுங்கள், இதற்குச் செலவில்லை. நெல் நிறுக்கிற தராசில் சாக்கோடு தூக்கிப் போட்டு, பிறகு சாக்கின் நிறையைக் கழித்தால் போதும். ஊர் நாய் என்றபடியால் 15 கிலோ என்று எடுக்கிறேன்.

இதயப்புழுவுக்கு முதல் மருந்து டொக்சிசைக்கிளின். புழுவுக்கு உள்ளே வொல்பாக்கியா என்ற ஒரு பற்றீரியா குடியிருக்கிறது, அது இல்லாமல் புழுவுக்குச் சீவியம் இல்லை. டொக்சி அதைக் கொன்று புழுவை மெலிய வைக்கும். பிறகு புழு சாகும்போது நுரையீரலுக்கு வருகிற சேதமும் குறையும். கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை, 28 நாள். 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். 100 மில்லிகிராம் கப்சியூலில் நாளுக்கு மூன்று, மொத்தம் 84. எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலில் இறங்குகிற கமக்காரருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுக்கிறார்களே, அதே மருந்து. அதற்காக அப்பாவின் பங்கை எடுத்து நாய்க்குக் கொடுக்க வேண்டாம். அவருக்கும் அது தேவை, நாய்க்கும் அது போதாது. தனி மாட்டு மருந்தாக இல்லாமல் சாதாரண பாமசியில் கிடைப்பதால், முழுப் பட்டியலிலும் இதுதான் கைக்கு எட்டுகிற உருப்படி. வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுக்கும். மீன் குழம்புச் சோற்றை உருட்டி நடுவில் வைத்துக் கொடுங்கள், பின்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கப் பண்ணுங்கள். கப்சியூல் தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும். பாலோடு கொடுக்காதீர்கள், மருந்தின் வலு குறையும்.

இரண்டாவது, மெலார்சோமின் ஊசி. அண்ணாவின் பில்லில் பெரிய எண் இதுதான். ஆர்செனிக் சேர்ந்த மருந்து, வளர்ந்த புழுவை நேரே கொல்வதற்கென்று உள்ளது. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், இடுப்புப் பக்க முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவது. அமெரிக்க இதயப்புழுச் சங்கம் சொல்கிற ஒழுங்கில் வைத்தியம் தொடங்கி 60ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று, 91ஆம் நாள் ஒன்று. மூன்று ஊசியும் போட்டால் நூற்றுக்கு 98 புழு சாகும், இரண்டோடு நிறுத்தினால் 90. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 20 கிலோ வரைக்கும் ஊசிக்கு ஒரு குப்பி, மொத்தம் மூன்று. உங்களிடம் 30 கிலோ ஜேர்மன் ஷெப்பேர்ட் இருந்தால் ஊசிக்கு 75 மில்லிகிராம், குப்பி இரண்டு இரண்டாக உடைக்க வேண்டும், டொக்சியும் 84க்குப் பதில் 168 ஆகிவிடும். இந்த வருத்தத்தில் நாய் பெருத்தால் பில்லும் பெருக்கும். ஊர் நாய் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு லாபம்.

வன்னியில் எந்தக் கடைத் தட்டிலும் நான் அந்தக் குப்பியைக் கண்டதில்லை. ஆகவே மெலார்சோமின் என்று முடிவெடுத்தால் கூடவே பயணமும் முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்ரே, இதய ஸ்கான், நாள் முழுக்க வைத்துப் பார்க்கிற வசதி எல்லாம் சேர்ந்து கிடைப்பது பேராதனையில் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையிலோ கொழும்பிலோதான். நாட்டிலேயே மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டுந்தான் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் ஒரு வழிக்கு 250 கிலோமீற்றருக்குக் கிட்ட. பஸ்சில் நாயை ஏற்ற மாட்டார்கள், வான் பிடிக்க வேண்டும். 90ஆம் நாளும் 91ஆம் நாளும் அடுத்தடுத்து வருவதால் ஓர் இரவு தங்கவும் வேண்டும். பலருடைய கணக்கில் மருந்தைவிட வான்காரரின் கணக்குத்தான் பெரிதாக வரும். போவதற்கு முன்னர் தொலைபேசியில் மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாயை ஏற்றிக்கொண்டு போய் இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது பிரெட்னிசொலோன். புழு செத்தால் அதன் துண்டுகள் நுரையீரல் நாடியில் போய் அடைக்கும், அந்த அழற்சியை அடக்கத்தான் இது. முதல் கிழமை கிலோவுக்கு அரை மில்லிகிராம் இரண்டு வேளை, அடுத்த கிழமை ஒரு வேளை, பிறகு இரண்டு கிழமை ஒன்றுவிட்டு ஒரு நாள். 5 மில்லிகிராம் குளிசையில் கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 42. ஊசிச் சுற்று இரண்டு என்றால் 84. மலிவான குளிசைதான், ஆனால் நாய் நல்லாயிருக்கிறது என்று நடுவில் சடுதியாக நிறுத்திவிடக் கூடாது. இவற்றோடு சோதனைகளும் இருக்கின்றன: தொடங்க முன்னர் எக்ஸ்ரே, ஈரல், சிறுநீரக இரத்தச் சோதனை. கடைசி ஊசிக்கு ஒரு மாதம் கழித்துக் குட்டிப்புழு இருக்கிறதா என்று ஒரு பார்வை, ஒன்பது மாதம் கழித்துத் திரும்ப அன்ரிஜென். அண்ணாவின் 2,000 டொலர் இவ்வளவுக்கும் சேர்த்துத்தான், அதோடு அங்கே வைத்தியருடைய நேரத்துக்கும் விலை வேறு.

மெலார்சோமின் கிடைக்கவே இல்லை, அல்லது காசு ஒருவிதத்திலும் சேரவில்லை என்றால் வேறு வழி இல்லாமல் இல்லை. டொக்சி ஒரு மாதம், கூடவே மொக்சிடெக்ரின் சேர்ந்த, கழுத்தில் விடுகிற மருந்து மாதம் ஒன்று. அட்வகேட் என்ற பெயரில் வருவதை அறிந்திருப்பீர்கள். 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரைக்கும் ஒரே அளவுக் குழாய். புழு மெதுவாகச் சாகும், ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். ஆகவே 84 கப்சியூலும் பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அன்ரிஜென் சோதனையும் என்று கணக்கு வரும். காசை ஒரேயடியாகக் கட்டாமல் மாதம் மாதம் கட்டுகிற வழி என்றபடியால் எங்கள் சனத்துக்கு இது ஒத்துவரும். குறை என்னவென்றால், அந்த வருடம் முழுக்க புழு உள்ளே இருந்து நாடியைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அதோடு நாயை அந்த வருடம் முழுக்க ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஊசி கிடைக்கிற இடத்தில் ஊசிதான் நல்லது. கிடைக்காத இடத்தில் இதைச் செய்வது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஓடவிடாமல் என்றேனே, பில்லில் எழுதாத செலவு அதுதான். ஊசி போட்ட பிறகு ஒரு கிழமையிலிருந்து நாலு கிழமை வரைக்கும் ஆபத்தான காலம். செத்த புழு நுரையீரலுக்குள் போய் அடைக்கிற நேரத்தில் நாய் ஒரு பன்றியைக் கண்டு துரத்தினால் அந்த இடத்திலேயே விழுந்துவிடலாம். மருந்தால் பிழைத்து ஓட்டத்தால் செத்த நாய்கள் உண்டு. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை கட்டிப்போட வேண்டும். முதல் நாளிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம் வந்துவிடும். வீட்டு முற்றத்தில் கட்டிப்போட்ட நாய் குரைத்துக்கொண்டே துள்ளினால் அதுவும் ஓட்டந்தான், ஆகவே ஆள் நடமாட்டம் தெரியாத பின்பக்கமாக, நிழலில் கட்டுங்கள்.

உங்கள் நாய் காவலுக்குப் போகிற நாய். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது அது ஐந்து மாதம் இல்லை என்றால், பரணில் இன்னொரு ஆள் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். அந்த ஆளின் கூலியையும் பன்றி கிளறிப்போட்ட பாத்தியையும் வைத்தியச் செலவில்தான் எழுத வேண்டும். அதனால் நான் நாள்காட்டியைப் பார்த்துத்தான் தொடங்கச் சொல்வேன். முதல் இரண்டு மாதமும் குளிசைக் காலம், அப்போது கயிற்றில் பிடித்து நடத்தலாம். மார்கழியில் டொக்சி தொடங்கினால் ஊசிகள் மாசி, பங்குனியில் விழும், அறுவடையும் முடிந்திருக்கும். நாய் களைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் அறுவடை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இப்போது வீட்டு வைத்தியம் பற்றி. இந்தக் கேள்வி வந்தால் பின்னாலேயே வருகிற மற்றக் கேள்வி, "மாட்டுக்குப் போடுகிற ஐவமெக்ரின் ஊசி வீட்டில் இருக்கிறது, அதில் கொஞ்சம் போட்டால் என்ன?" என்பது. மாட்டு ஊசியில் ஒரு மில்லிலீற்றருக்குள் 10 மில்லிகிராம் இருக்கிறது. இதயப்புழு வராமல் தடுக்க 15 கிலோ நாய்க்கு ஒரு மாதத்துக்குத் தேவையானது 0.09 மில்லிகிராம். மில்லிலீற்றரில் சொன்னால் 0.009. உங்கள் சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைவிடவே அது குறைவு. அளக்க முடியாது. அளந்தேன் என்று சொல்பவர் பத்து, இருபது மடங்கு போட்டிருப்பார். இரத்தத்தில் ஏற்கெனவே குட்டிப்புழு நிறைந்திருக்கிற நாய்க்கு அந்த அளவு போனால் குட்டிகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம். கொலி மாதிரியான மேய்ப்பு நாய்ச் சாதிகளுக்கும் அவற்றின் கலப்புக்கும் ஐவமெக்ரின் மூளைக்கே ஏறிவிடும். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிற டிஇசி குளிசை இன்னும் மோசம், குட்டிப்புழு உள்ள நாய்க்கு அது உயிருக்கே உலை வைக்கும். யானைக்கால் நோயை இலங்கை கட்டுப்படுத்திவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்தக் குளிசையின் பேர் இன்னும் சனத்தின் வாயில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற பூச்சிக் குளிசை, அது குடற்புழுவுக்கு. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தடுப்பது மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கும் அப்படித்தான்: வருடத்துக்குப் பன்னிரண்டு மாத்திரையோ பன்னிரண்டு குழாயோ, ஊசி, வான், எக்ஸ்ரே ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் இதை வாங்குங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒருவர் கையில் ஒரு நாய்க்கென்று கொஞ்சக் காசு இருந்தால் அதை முதலில் உண்ணி மருந்தில் போடச் சொல்வேன். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, அதைத் தவறவிட வேண்டாம். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், மொக்சிடெக்ரின் சேர்ந்த கழுத்து மருந்து தெள்ளுக்கும் இதயப்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்யும். நுளம்பு கடித்த பிறகு வளர்ந்த புழுவாக ஆறு, ஏழு மாதம் எடுக்கும். ஆகவே இன்று சோதித்து இல்லை என்று வந்தால், அது ஆறு மாதத்துக்கு முந்திய செய்தி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தோரமாக இருக்கிற எங்களுக்கு நுளம்பை ஒழிப்பது நடக்கிற காரியமா? நாய் படுக்கிற இடத்தில் பழைய ரயரும் சிரட்டையும் தண்ணீர் பிடித்துக் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய காரியம்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பூனைக்கும் இதயப்புழு வரும், ஒன்று இரண்டு புழுவே அதற்குப் போதும். மெலார்சோமின் பூனைக்குக் கிடையாது, பிரெட்னிசொலோன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்கு மட்டும் பூசிவிடாதீர்கள், பூனை செத்துவிடும்.

விட்டால் எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். தோலடிப் புழு என்றால், அதனால் நாய் சாகாது. உண்ணிக் காய்ச்சல் என்றால் விடக்கூடாது, கிழமைக் கணக்கில் மோசமாகும், மருந்தும் கைக்கு எட்டுகிற விலையில் இருக்கிறது. எர்லிக்கியாவுக்கு அதே டொக்சி பாதி அளவில், 15 கிலோவுக்கு 42 கப்சியூல். உண்மையிலேயே இதயப்புழு என்றால், அந்தப் புழு நாய்க்குள் ஐந்து முதல் ஏழு வருடம் சீவிக்கும். கொஞ்சப் புழு, ஓட்டம் குறைந்த கிழ நாய் என்றால் வருடக்கணக்காகச் சமாளித்துக்கொண்டு போகும். உங்கள் நாய்க்கு நாலு வயதுதான், ஓடுகிற நாய் வேறு. ஓடுகிற நாய்க்குச் சேதம் கெதியாக வரும். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்துப் போய், நாய் எழும்ப மாட்டாமல் கிடந்தால் புழு இதயத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது கழுத்து நாளத்தால் கருவியை விட்டுப் புழுவை இழுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு நாள் கணக்கில்தான் அவகாசம்.

உங்கள் நாய் இன்னும் அந்த இடத்தில் இல்லை. இந்தக் கிழமை ஒரு பின்னேரம் கொண்டுபோங்கள். போகிறதற்கு முன்னர் இரண்டு காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள், உதட்டைத் தூக்கி முரசின் நிறத்தைப் பாருங்கள், இருமல் ஓடிய பிறகா, படுத்திருக்கும்போதா என்று கவனித்து வையுங்கள். முந்திய கிளினிக்கில் தந்த துண்டையும் கொண்டுபோங்கள். சோதனையில் வந்ததையும் தராசில் வந்த கிலோவையும் எனக்கு எழுதினால் உங்கள் நாய்க்கென்று எண்ணிக்கையைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.